துளையிடும் முன் கேட்க வேண்டியவை: பழைய கஸ்டம் கார்களில் ஸ்பாட்லைட்

முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் நீர்த்துளி வடிவத்தில் இரண்டு குரோம் விளக்குகள்: ஸ்பாட்லைட்டுகள். 1940களின் இறுதியிலும் 1950களிலும் தெற்குக் கலிபோர்னியாவில் உருமாற்றப்பட்ட மெர்குரி, ஷெவர்லே, ஃபோர்டு கார்களின் படங்களைப் பார்த்தவர்கள் இவற்றை மறந்திருக்க மாட்டார்கள். அப்படித் தன் ரசனைக்கேற்ப உருமாற்றிய 'கஸ்டம்' காரைக் கட்டுபவர்களும் பழைய காரை மீட்டெடுப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்களில் என் சொந்தச் சாய்வு தெரியும்.

இந்த விளக்கு உண்மையில் எதற்காக வந்தது?

தேடுவதற்காக. இருட்டில் வீட்டு எண்ணைப் படிக்க, சந்திப்பில் ஊர்ப் பலகையைப் பார்க்க, பண்ணைப் பாதையில் வாயிற்கதவைக் கண்டுபிடிக்க என்று ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் ஒளியைத் திருப்பும் கருவி இது. போலீஸ் கார்களுக்கு இது அன்றாடத் தேவை. அமெரிக்கப் போலீஸ் பெருமளவில் ஓட்டிய ஃபோர்டு கிரௌன் விக்டோரியா 2011இல் உற்பத்தி நிற்கும் வரையிலும் முன்கண்ணாடியின் ஓரத் தூணில் ஸ்பாட்லைட்டைத் தாங்கியபடிதான் வலம்வந்தது.

கஸ்டம் கார்க்காரர்கள் அதே கருவியை அழகுக்காக எடுத்துக்கொண்டார்கள். கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி, சின்னங்களைப் பிடுங்கி, ஈயம் உருக்கி இடைவெளிகளை அடைத்து, காரின் உடலை மழுமழுவென்று ஆக்கியவர்கள் அவர்கள். எல்லாவற்றையும் நீக்கிய கையே இதை மட்டும் கூடுதலாகச் சேர்த்தது. சாய்ந்த தூணின் ஓட்டத்தை நீர்த்துளி வடிவம் முன்னோக்கி நீட்டிக் காட்டுகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். போலீஸ் காரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கும் இளவட்டக் குறும்பும் அதில் கலந்திருக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு குழாயும் ஒரு தண்டும். இரண்டும் தூணைத் துளைத்துக்கொண்டு காருக்குள் வந்து கைப்பிடியில் முடிகின்றன. வெளிக்குழாய் சுழன்றால் விளக்கின் கை முழுதும் சுழலும். உள்தண்டு சுழன்றால், வெளியே முழங்கைபோல் வளைந்த இடத்தில் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் விளக்கின் தலையை மட்டும் திருப்பும். இந்த இரண்டு அசைவுகளும் சேர்ந்தால் ஒளி போகாத திசை குறைவு. மின்கம்பி தண்டின் நடுவே ஓடுகிறது. ஸ்விட்ச் பெரும்பாலும் கைப்பிடியிலேயே இருக்கும்.

எந்தத் தயாரிப்பை வாங்குவது?

சிகாகோவின் ஆப்பிள்டன் எலெக்ட்ரிக் கம்பெனிதான் இந்த உலகத்தின் பெரிய பெயர். அந்த நிறுவனத்தின் முக்கியத் தொழில் கட்டடங்களின் மின்கம்பிக் குழாய்களுக்கான இணைப்புப் பெட்டிகள் என்பது வேடிக்கை. மாடல் 112, எஸ்-552 என்ற இரண்டு எண்களைத்தான் கஸ்டம் ஆர்வலர்கள் துரத்துகிறார்கள். நீண்டு மெலிந்து முடியும் பின்பக்கம்தான் இவற்றின் கவர்ச்சி. விலையும் அதற்கேற்றபடி கையைச் சுடும்.

அடுத்தது யூனிட்டி, அதுவும் சிகாகோவே. உறுதியான பொருள், உதிரிபாகங்கள் கிடைக்கும், போலீஸ் கார்களில் பழகிப்போன பெயர். ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குப் பிரிவான கைடு செய்தவை அந்தக் குழுமத்தின் கார்களில் துணைப்பொருளாக விற்பனையாயின. ஷெவர்லேயையோ பியூக்கையோ தொழிற்சாலைத் தோற்றத்தில் மீட்பவருக்கு அதுவே பொருத்தம்.

ஏலத்துக்கு வந்த கிரௌன் விக்டோரியாவிலிருந்து கழற்றிய யூனிட்டி மலிவாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1950ஆம் ஆண்டுக் காருக்கு வேண்டாம். தலை குட்டையாக, கிண்ணம்போல இருக்கும். பட்டுப் புடவைக்கு ஓட்டப்பந்தயச் செருப்பு போட்டதுபோலத் தெரியும். தண்டின் நீளமும், தூணில் பொருத்தும் பிராக்கெட்டும் வேறு என்பது தனித் தலைவலி.

ஆப்பிள்டன் வடிவத்தில் புதிதாகச் செய்து விற்கும் நகல்களை நான் இழிவாகப் பார்ப்பதில்லை. பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரிவது கடினம். கைப்பிடியைத் தொட்டுத் திருப்பும்போதுதான் தெரியும்: பழையதில் பல்சக்கரம் வெண்ணெய்போல் நகரும், பல நகல்களில் கடகடவென்று ஆடும்.

பழைய விளக்கை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிராக்கெட்டைப் பாருங்கள், பிறகு விளக்கைப் பாருங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் தலையைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் தூணில் உட்காரவைக்கும் பாதம் வேறொரு காருக்கானது என்று வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு காரின் தூணுக்கும் சாய்வும் வளைவும் வேறு. அதனால் தயாரிப்பாளர்கள் விளக்கைப் பொதுவாகவும், பிராக்கெட்டைக் காருக்குக் கார் தனியாகவும் செய்தார்கள். பிராக்கெட்டில் எண் பொறித்திருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் காருக்கானதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இடது, வலது என்பதும் உண்டு. நான் முதன்முதலில் வாங்கிய 'ஜோடி' இரண்டும் இடப்பக்கத்துக்கானவை. விற்றவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரேமாதிரி இருக்கின்றன என்றுதான் சொன்னார். ஒரேமாதிரி இருந்ததுதான் கோளாறு. சரியான ஜோடி கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும்.

அடுத்து தண்டு. தலையும் வெளிக்கூடான ஓடும் தனியாகக் கிடைக்கும்; சரியான நீளத்தில் வளையாத தண்டு கிடைப்பது அரிது. மேசைமேல் வைத்து உருட்டிப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். கைப்பிடியைத் திருகினால் தலை உடனே அசைய வேண்டும். கால் சுற்று வெறுமனே சுழன்ற பிறகு அசைந்தால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. சுத்தமாக அசையாவிட்டால் பயப்பட வேண்டாம்: அறுபது எழுபது ஆண்டு கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, புது கிரீஸ் போட்டால் பெரும்பாலும் உயிர்பெறும். பலவந்தமாக மட்டும் திருப்பிவிடாதீர்கள். சிறு பற்கள், உடைந்தால் கதை முடிந்தது.

குரோமில் துரு இருக்கலாம், புள்ளிக்குழி இருக்கக் கூடாது. எஃகில் மேலோடிய துருவைச் சுரண்டி மறுபடி முலாம் பூசலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் உள்ளிருந்து பொங்கும் குழிகள் வேறு சங்கதி. ஒவ்வொரு குழியையும் தோண்டி, செம்பால் நிரப்பி, தேய்த்து, பிறகுதான் நிக்கலும் குரோமும் ஏறும். அந்தச் செலவில் நல்ல விளக்கே வாங்கிவிடலாம்.

ஆறு வோல்ட்டா, பன்னிரண்டு வோல்ட்டா?

உங்கள் கார் சொல்வதுதான். ஷெவர்லே 1955ஆம் ஆண்டு மாடலிலும் ஃபோர்டு 1956ஆம் ஆண்டு மாடலிலும் 12 வோல்ட்டுக்கு மாறின. அதற்கு முந்தையவை, யாரும் மாற்றியிருக்காவிட்டால், 6 வோல்ட்.

1940ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களின் முகப்பு விளக்குகள் சீல்டு பீம் ஆயின: பிரதிபலிப்பான், இழை, கண்ணாடி மூன்றும் ஒரே மூடிய உருப்படி. ஸ்பாட்லைட்டுகளும் அதே வழியில் போயின. பார்-36, பார்-46 என்ற பெயர்களைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அந்த எண் விட்டத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்கிறது. 36 என்றால் நாலரை அங்குலம், 46 என்றால் ஐந்தே முக்கால். பார்-46 அளவில் 6 வோல்ட்டுக்கு 4535, 12 வோல்ட்டுக்கு 4435 என்ற எண்களைக் கேளுங்கள். விளக்கின் வெளிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, உள்ளிருக்கும் பல்பை மாற்றினால் போதும்.

6 வோல்ட் காரில் கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 30 வாட் விளக்கு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் இழுக்கிறது; 6 வோல்ட்டில் அதே விளக்கு 5 ஆம்பியர். மெல்லிய கம்பியிலும் துருவேறிய முனையிலும் அரை வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் காரில் யாருக்கும் தெரியாது. 6 வோல்ட் காரில் வெளிச்சத்தில் கால்பங்கு போய்விடும், ஏனென்றால் இழையின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகச் சரிகிறது. தடித்த கம்பி, ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஃபியூஸ், பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் எர்த். பிராக்கெட்டின் வழியே உடல் எர்த் கிடைக்கும் என்று நம்பாமல் தனியாக ஒரு எர்த் கம்பியை இழுத்துவிடுவது என் பழக்கம்.

தண்டுக்குள் இருக்கும் பழைய துணியுறைக் கம்பியை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியிலிருந்து நன்றாகத் தெரியும். உள்ளே உறை பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும்.

எல்இடி போடலாமா?

போடலாம், ஒரு எச்சரிக்கையோடு. அக்கால ஃபோர்டு, மெர்குரி கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். இழை பல்புக்கு இது பொருட்டே இல்லை. எல்இடிக்குத் திசை உண்டு. மாற்றி இணைத்தால் எரியாது, சிலது கெட்டே போகும். மற்றபடி, அந்த மஞ்சள் ஒளிக்குப் பதில் நீலம் பாய்ந்த வெள்ளை ஒளி 1951 மெர்குரியிலிருந்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அது ரசனைச் சண்டை.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

அன்றாடம் ஓட்டும், அதிகம் மாற்றாத காருக்கு ஓட்டுநர் பக்கம் ஒன்று அழகு. வேலைக்காக இருப்பது என்ற நேர்மை அதில் தெரியும். தூணை வெட்டிக் கூரை தாழ்த்தி, உடலை வழித்த முழு கஸ்டமுக்கு இரண்டு. 1930களின் திறந்த சக்கர ஹாட் ராடுக்கு, அதாவது வேகத்துக்காக மாற்றிய காருக்கு, ஒன்றுமே வேண்டாம். எடையைக் குறைக்கக் கதவு மிதிபலகையையே கழற்றியவன் காரில் குரோம் அலங்காரம் எதற்கு?

போலி ஸ்பாட்லைட் போடுவது ஏமாற்று வேலையா?

இல்லை. தண்டும் கைப்பிடியும் இல்லாமல், வெளியே ஓடு மட்டும் திருகி வைக்கும் வகை 1950களிலேயே கடைகளில் விற்றது. அந்தக் காலத்து இளைஞன் பையில் காசில்லாமல் வாங்கிய பொருளை இன்று போடுவது வரலாற்றுக்கு ஒவ்வாதது ஆகாது. தூணைக் குறுக்கே துளைக்க வேண்டியதில்லை, கைப்பிடி முகத்தருகே நீட்டிக்கொண்டிருக்காது. மோதலின்போது அந்தக் கைப்பிடி ஓட்டுநருக்கு நல்ல நண்பன் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

ஆனால் எரிவதாகப் பாவனை செய்யும் போலியைவிட, எரியவே எரியாத வெற்று ஓடு மேல். கண்ணாடிக்குள் ஒளிரும் சிறு நீல விளக்குகள் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

துளை போடுவது எப்படி?

இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கேள்விதான் காரணம்.

யூனிட்டி தன் பொருத்தும் தொகுப்புகளைக் காருக்குக் கார் தனி எண்ணிட்டு விற்றது. உங்கள் காருக்கான தொகுப்பும் துளை வழிகாட்டியும் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. கிடைக்காதவர்களுக்கு மீதி.

துளையிடும் கருவியை எடுக்கும் முன் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஒருவர் வெளியே விளக்கைத் தூணில் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் உள்ளே உட்காருங்கள். பானெட்டைத் திறந்து மூடுங்கள். கதவை முழுதாகத் திறங்கள். பக்கவாட்டு முக்கோணக் கண்ணாடியைத் திறங்கள். விளக்கின் தலையை எல்லாத் திசையிலும் திருப்புங்கள். என் முதல் கார் 1950 ஷெவர்லே. கதவையும் பானெட்டையும் சரிபார்த்தேன், முக்கோணக் கண்ணாடியை மறந்துவிட்டேன். துளை கச்சிதமாக வந்தது. கோடையில் காற்றுக்காக அந்தக் கண்ணாடியைத் தள்ளியபோது, பாதித் தூரத்தில் 'டிக்' என்று விளக்கில் போய் இடித்து நின்றது. இன்றுவரை பாதிதான் திறக்கும்.

உள்ளே கைப்பிடிக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் விரல்கள் நுழைய வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் கை அதில் மோதக் கூடாது. தூணின் உள்ளே கம்பிகள் ஓடுகின்றனவா, கண்ணாடியின் ரப்பர் பீடிங் எதுவரை வருகிறது என்று உள்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

தூணுக்கு வெளித்தகடும் உள்தகடும் என்று இரண்டு சுவர்கள் உண்டு. தண்டு நேர்கோட்டில் போவதால் இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். வெளியே சரியான இடத்தில் போட்டு, உள்ளே அரை அங்குலம் தள்ளிப்போனால் தண்டு நெரிபடும். ஆகவே முதலில் மூன்று மில்லிமீட்டர் பிட்டால் வெளித்தகட்டை மட்டும் துளையுங்கள். நேரான எஃகுக் கம்பி ஒன்றைச் செருகி, அது உள்ளே கைப்பிடி வர வேண்டிய இடத்தை நோக்குகிறதா என்று பாருங்கள். கோணம் சரியென்றால் அதே கோட்டில் உள்தகட்டையும் துளைத்து, பிறகு படிப்படியாகப் பெரிதாக்குங்கள். கடைசி அளவைத் தண்டின் குழாயை வெர்னியர் அளவியால் அளந்தே முடிவுசெய்யுங்கள். எங்கோ கேட்ட எண்ணை நம்பாதீர்கள். பெயிண்டின்மேல் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுநாடா ஒட்டுங்கள். பிட் வழுக்கினால் கீறல் அதில் விழட்டும்.

இரண்டாவது பக்கத்துக்கு முதல் பக்கத்தின் அளவை அப்படியே மாற்றுவதும் ஆபத்து. அந்தக் கார்களின் உடல் இரண்டு பக்கமும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. ஒரு விபத்தைப் பார்த்த கார் என்றால் கேட்கவே வேண்டாம். ரப்பரிலிருந்தோ அலங்காரப் பட்டையிலிருந்தோ அளக்காமல், உடலின் நிலையான மடிப்பிலிருந்து அளந்து குறியுங்கள். பிறகு இருபது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். அளவுகோலும் கண்ணும் சண்டையிட்டால் கண் சொல்வதைக் கேளுங்கள், பார்க்கப்போகிறவர்கள் அளவுகோலோடு வரமாட்டார்கள்.

துளை முடிந்ததும் பிசிறை அரத்தால் தேய்த்து, வெறும் உலோகத்துக்கு பிரைமர் பூசி, பாதத்துக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட் வைத்துத்தான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் தூணுக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் அடியிலிருந்து தின்னும்.

கூரை தாழ்த்திய காரில் பிராக்கெட் உட்கார மறுக்கிறதே?

மறுக்கத்தான் செய்யும். 1949 மெர்குரியின் கூரையைத் தாழ்த்தி அந்தக் காரைக் கஸ்டம் உலகின் முகமாக்கியதில் கலிபோர்னியாவின் சாம் பாரிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. தூணை வெட்டிக் குறைக்கும்போது முன்கண்ணாடி பின்னோக்கிச் சாய்கிறது, தூணின் கோணம் மாறுகிறது. தொழிற்சாலைக் கோணத்துக்குச் செய்த பாதம் இனி ஒட்டாது, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஆப்பு வடிவத் தகடு வேண்டும். அட்டையில் வெட்டிப் பார்த்து, மரத்தில் செதுக்கிப் பார்த்து, கடைசியாகப் பித்தளையில் செய்து முலாம் பூசுவது நல்ல வழி. பட்டி வைத்து நிரப்புவது தவறான வழி. முதல் அதிர்விலேயே விரிசல் விடும்.

தூணில் வெல்டிங் செய்த மூட்டு எங்கே இருக்கிறது என்பதைக் கூரையை வெட்டியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் மேலேயே துளையிடாதீர்கள்.

எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது?

எரியாதபோது சாலையைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலப் படங்களில் பெரும்பாலும் விளக்கின் கண்ணாடி கீழாகவோ பின்னாகவோ மடங்கி, குரோம் முதுகுதான் முன்னால் வருபவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்கட்டும், அது ஒன்றுதான் விதி. கண்ணாடி வானத்தைப் பார்த்தபடி வெயிலில் நிறுத்த வேண்டாம். பிரதிபலிப்பான் வெயிலைக் குவிக்கும்.

சாலையில் எரியவிடலாமா?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், பிரிவு 24404, இரண்டு வெள்ளை ஸ்பாட்லைட் வரை அனுமதிக்கிறது. திறன் 30 வாட்டைத் தாண்டக் கூடாது. முகப்பு விளக்குக்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது, ஒளியின் மேல்விளிம்பு 300 அடிக்கு அப்பால் சாலையில் விழக் கூடாது, காரின் இடப்பக்க எல்லையைத் தாண்டி எதிர்த்தடத்தில் விழக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு வண்டியின்மேல் அடிக்கவே கூடாது. நின்றபின் பயன்படுத்துங்கள், சட்டத்தோடு சிக்கல் வராது.

நான் வாங்கிய காரில் ஏற்கெனவே துளை இருக்கிறது. அடைத்துவிடவா?

அவசரப்படாதீர்கள். அந்தத் துளை ஒரு தடயம். அதன் விட்டம், அதைச் சுற்றிப் பெயிண்டில் பதிந்திருக்கும் பாதத்தின் நிழல், திருகுத் துளைகளின் இடைவெளி மூன்றையும் காகிதத்தில் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகும்போது அந்தக் காகிதத்தை ஒவ்வொரு பிராக்கெட்டின் அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தினால், அறுபது ஆண்டுக்கு முன் அந்தக் காரில் யாரோ எந்த விளக்கை வைத்திருந்தார் என்பதும் தெரிந்துவிடும், புதிதாக ஒரு துளையும் தேவைப்படாது. ஒரு ஆண்டு தேடியும் பொருந்தவில்லை என்றால் வெல்டரைக் கூப்பிடுங்கள்.